மேயர் நாற்காலியும் மலை முகாமும்

துருக்கியின் தென்கிழக்கில் உள்ள மார்தீன் பெருநகராட்சிக்கு அஹ்மத் துர்க் மூன்று முறை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூன்று முறையும் அங்காரா அவரை நீக்கியது. 2014இல் வென்ற பதவி 2016 நவம்பரில் போயிற்று. 2019 மார்ச்சில் மீண்டும் வென்றார். ஐந்து மாதம்கூட முழுதாக உட்கார விடவில்லை. 2024 மார்ச்சில், எண்பது வயதைக் கடந்த பிறகு, மறுபடியும் நின்று மறுபடியும் வென்றார். நவம்பரில் அதே உத்தரவு வந்தது. ஒவ்வொரு முறையும் அந்த நாற்காலியில் அரசு நியமித்த பொறுப்பாளர் அமர்ந்தார். அங்கே இவர்களைக் 'கயூம்' என்கிறார்கள். வாக்குச்சீட்டில் பெயரே இல்லாத ஒருவர் ஊருக்கு மேயராவதற்கு இன்று குர்துப் பகுதிகளில் வழங்கும் பெயர் அது.

அஹ்மத் துர்க்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் உழைக்கும் வர்க்கத்திலிருந்து எழுந்து வந்தவர் அல்ல. பெரிய பழங்குடித் தலைமைக் குடும்பத்தில் பிறந்தவர். 1980 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தியார்பகிர் சிறையில் சித்திரவதை அனுபவித்தவர். நிலக்கிழார்களை ஒழிப்போம் என்று தொடங்கிய ஓர் இடதுசாரி அரசியல், நாற்பது ஆண்டுகளில் இத்தகையவரையே தன் மூத்த முகமாக ஏற்றுக்கொண்டது. இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் குர்துச் சமூகத்தில் இடதுசாரி இயக்கம் எதனோடு மோதியது, எதனோடு சமரசம் செய்தது என்பதெல்லாம் இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் அடங்கியிருக்கிறது.

குர்து இடதுசாரிகள் என்றதும் நம் பத்திரிகை வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது 2014இன் கோபானி முற்றுகையும் பின்னல் சடையும் துப்பாக்கியுமாக நின்ற இளம்பெண்களின் படங்களும்தான். அந்தப் படங்களில் பொய் எதுவும் இல்லை. குப்பை வண்டியை யார் அனுப்புவது, கோதுமைக்கு என்ன விலை கொடுப்பது, பள்ளியில் எந்த மொழி, யார் வீட்டுப் பையன் பட்டாளத்துக்குப் போவது ஆகிய கேள்விகளுக்கு அவற்றில் இடமில்லை, அவ்வளவே. தன்னாட்சி என்பது இந்தக் கேள்விகளுக்கு அன்றாடம் பதில் சொல்வது. நான்கு நாடுகளில் குர்து இடதுசாரிகள் நடத்திய முயற்சிகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அரசு பின்வாங்கிய இடங்களில் எல்லாம் மக்கள் மன்றங்கள் முளைத்தன. அந்த மன்றங்களைக் காத்து நின்ற ஆயுதம் தாங்கிய கட்சி, விரைவிலேயே அவற்றால் கேள்வி கேட்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. இதற்கு ஓரளவு விலக்காக நின்றவை மார்தீன், தியார்பகிர் போன்ற நகராட்சிகள். அவற்றைப் பற்றித்தான் உலகம் குறைவாகப் பேசியிருக்கிறது.

ரஷ்யர்கள் போன பிறகு

முதல் உலகப் போர் முடிந்ததும் 1920இன் செவ்ர் ஒப்பந்தம் குர்துகளுக்குத் தன்னாட்சியையும், அதற்கு மேல் தனி நாட்டுக்கான வாய்ப்பையும் எழுத்தில் தந்தது. 1923இன் லொசான் ஒப்பந்தத்தில் அந்தப் பேச்சே இல்லை. இன்று மூன்று முதல் நான்கு கோடி வரை மதிப்பிடப்படும் ஒரு மக்கள் கூட்டம் துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்று நான்கு எல்லைகளுக்குள் பிரிந்து கிடக்கிறது. மொழியைத் தடை செய்வது, ஊர்ப் பெயர்களை மாற்றுவது, குர்து என்ற இனமே இல்லை என்று சொல்வது என நான்கு அரசுகளும் தத்தம் வழியில் நடந்துகொண்டன. சிரியாவில் 1962ஆம் ஆண்டு ஹசக்கா மாகாணத்தில் நடந்த ஒரு கணக்கெடுப்பு ஏறத்தாழ 1,20,000 குர்துகளின் குடியுரிமையைப் பறித்தது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாடற்றவர்களாகவே பிறந்தார்கள்.

1946 ஜனவரியில் ஈரானின் மஹாபாத் நகரில் அறிவிக்கப்பட்ட குடியரசை இடதுசாரி முயற்சி என்று சொல்வது மிகை. அதன் தலைவர் காஸி முஹம்மத் ஒரு மார்க்க நீதிபதி. ஆதரித்தவர்களில் நிலக்கிழார்கள் அதிகம். சோவியத் படை அருகில் இருந்ததால் அது நின்றது. அந்தப் படை போன சில மாதங்களில், டிசம்பரில், விழுந்தது. 1947 மார்ச்சில் காஸி முஹம்மத், தான் குடியரசை அறிவித்த அதே சதுக்கத்தில் தூக்கிலிடப்பட்டார். வல்லரசின் நிழலில் நிற்கும் தன்னாட்சி, நிழல் நகரும்போது என்னாகும் என்பதைக் குர்துகள் அன்றே பார்த்துவிட்டார்கள். பிறகும் பலமுறை பார்க்க நேர்ந்தது.

உண்மையில் இடதுசாரித் தன்னாட்சி என்று சொல்லத்தக்க முதல் முயற்சி 1979இல், ஷா வீழ்ந்த மாதங்களில், ஈரானியக் குர்திஸ்தானில் நடந்தது. தெஹ்ரான் மாணவர்களிடையே ரகசியமாக உருவான கோமலா அமைப்பு அப்போது வெளிப்பட்டது. அதன் தலைவர்களில் ஒருவரான ஃபுவாத் முஸ்தஃபா சுல்தானி தெஹ்ரானில் பொறியியல் படித்துவிட்டு, மரீவான் பகுதியில் விவசாயிகள் சங்கத்தைக் கட்டினார். பழைய நிலக்கிழார்கள் ஆயுதங்களுடன் திரும்பி வந்து நிலத்தைக் கேட்டபோது சங்கமும் ஆயுதம் எடுத்தது. அந்த ஆண்டு ஜூலையில் மரீவான் மக்கள் செய்த காரியம் போராட்ட வரலாற்றில் அபூர்வமானது. புரட்சிக் காவலர் படை நகருக்குள் வருவதை எதிர்த்து, ஊரையே காலி செய்துவிட்டு வெளியே கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அவர்களுக்குத் துணை நிற்கச் சனந்தஜ் நகரிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் நடந்தே வந்தார்கள்.

சனந்தஜிலோ ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு மன்றம் எழுந்தது. உணவுப் பங்கீடு, தெருக்காவல், தகராறு தீர்ப்பது எல்லாம் அங்கே நடந்தன. ஆகஸ்டில் கொமெய்னி குர்திஸ்தான் மீது படையை ஏவினார். மாத முடிவில் ஃபுவாத் கொல்லப்பட்டார். 1980 வசந்தத்தில் சனந்தஜ் 24 நாட்கள் எதிர்த்து நின்று வீழ்ந்தது. இந்த முயற்சி சொந்தத் தவறுகளால் தோற்றது என்று சொல்ல அதற்கு நேரமே கிடைக்கவில்லை. தவறு பின்னால் வந்தது. மலைக்குப் பின்வாங்கிய கோமலாவும் ஈரான் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியும் எண்பதுகளின் நடுவில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு பல தோழர்களைப் பலி கொடுத்தன. தெஹ்ரான் வேடிக்கை பார்த்தது.

ஈராக்கின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1991 மார்ச் எழுச்சியின்போது சுலைமானியாவிலும் சுற்றிலும் ஆலைகளிலும் குடியிருப்புகளிலும் 'ஷூரா' மன்றங்கள் தோன்றின. பேஷ்மெர்கா எனப்படும் போராளிப் படைகளைக் கொண்ட கட்சிகள் வந்து ஆட்சியை எடுத்துக்கொண்டதும் அவை கரைந்தன. 1992 தேர்தலுக்குப் பின் இரண்டு பெரிய கட்சிகள் பதவிகளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அமைச்சர் ஒரு கட்சி என்றால் துணை அமைச்சர் மற்றக் கட்சி. 1994இல் அது உள்நாட்டுப் போராக வெடித்து 1998 வரை நீடித்தது. இதில் ஒரு கட்சி, ஜலால் தாலபானி 1975இல் டமாஸ்கஸில் தொடங்கிய தேசபக்த ஒன்றியம். மார்க்சியக் குழுக்களையும் சேர்த்துக்கொண்டு, பழங்குடிக் குடும்ப அரசியலை எதிர்ப்பதாகச் சொல்லிப் பிறந்தது. இன்று அதுவும் ஒரு குடும்பத்தின் கட்சி. ஈராக்கியக் குர்திஸ்தானுக்குச் சட்டப்படியான தன்னாட்சி இருக்கிறது, நாடாளுமன்றம் இருக்கிறது, தனிப் படை இருக்கிறது. இடதுசாரி அரசியலுக்கு மட்டும் அங்கே இடம் சுருங்கிவிட்டது.

தனிச் சிறையிலிருந்து ஒரு கொள்கை

குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி, அதாவது பி.கே.கே., 1978 நவம்பரில் தியார்பகிர் மாகாணத்தின் ஃபிஸ் கிராமத்தில் பிறந்தது. அப்துல்லா ஓஜலான், சகினே ஜான்சிஸ் முதலிய இளைஞர்கள் கூடியிருந்தார்கள். கட்சி லெனினிய அச்சில் வார்க்கப்பட்டது. குறிக்கோள் சுதந்திரமான சோஷலிசக் குர்திஸ்தான். 1984 ஆகஸ்டில் ஆயுதப் போர் தொடங்கியது. அந்தப் போரில் 40,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரசு ஆயிரக்கணக்கான குர்துக் கிராமங்களைக் காலி செய்தது, எரித்தது. கட்சியின் பக்கமும் ரத்தம் உண்டு: ஊர்க்காவல் படையினரின் குடும்பங்கள், கிராமங்களுக்கு வந்த பள்ளி ஆசிரியர்கள், துரோகி என்று முத்திரை குத்தப்பட்ட சொந்தத் தோழர்கள். இயக்கத்தின் மீது பரிவுள்ள எழுத்தாளர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. புரட்டாமல் பின்னால் வந்த தன்னாட்சியின் குணத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

1999 பிப்ரவரியில் நைரோபியில் பிடிபட்ட ஓஜலான், மர்மரா கடலில் உள்ள இம்ராலி தீவுச் சிறையில் அடைக்கப்பட்டார். பல ஆண்டுகள் அந்தத் தீவின் ஒரே கைதி அவர்தான். அங்கே அவர் படித்தவற்றில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்த மரே புக்சினின் நூல்களும் இருந்தன. முன்னாள் கம்யூனிஸ்டான புக்சின், தேசிய அரசைக் கைப்பற்றுவதை விட்டுவிட்டு ஊர்க் கூட்டங்களின் கூட்டமைப்பைக் கட்ட வேண்டும் என்று எழுதியவர். 2005இல் குர்துப் புத்தாண்டான நவ்ரோஸ் நாளில் ஓஜலான் 'ஜனநாயகக் கூட்டமைப்புவாதம்' என்ற கொள்கையை அறிவித்தார். தனி நாடு வேண்டாம். எல்லைகளைத் தொடாமல், உள்ளூர் மன்றங்கள், பெண் விடுதலை, சூழலியல் என்ற மூன்று கால்களில் நிற்கும் தன்னாட்சி போதும் என்றது அது.

நல்ல கொள்கைதான். எனக்கு உறுத்துவது அது வந்து சேர்ந்த விதம். தனி நாட்டுக்காக உயிர் கொடுத்த ஓர் இயக்கம் தன் அடிப்படைக் குறிக்கோளையே மாற்றியது, ஆனால் எந்த ஊர்க் கூட்டமும் அதைப் பற்றி வாக்களிக்கவில்லை. தலைவர் மாறினார், இயக்கமும் மாறியது. ஒப்பாதவர்கள் வெளியேறினார்கள். மன்றங்கள் எதையும் விவாதிக்கலாம் என்பது கொள்கையானாலும், போர், சமாதானம், தலைமை ஆகிய மூன்றும் அவற்றின் கைக்கு வரவே இல்லை.

நகராட்சிகள்

இந்தக் கொள்கைக்கெல்லாம் முன்பே, 1977இல், தியார்பகிர் மக்கள் மெஹ்தி ஸானா என்ற தையல்காரரைச் சுயேச்சை மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்காரா நிதியைச் சுருக்கியது. 1980 புரட்சி அவரைச் சிறையில் தள்ளியது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 1999இல், குர்து அரசியலின் சட்டபூர்வக் கட்சி தியார்பகிர் உட்பட 37 நகராட்சிகளை வென்றது. மேயர்கள் பெரும்பாலும் அனுபவம் இல்லாதவர்கள். கஜானாவில் கடன் மட்டும் இருந்தது. எரிந்த கிராமங்களிலிருந்து வந்தவர்களால் நகரங்கள் வீங்கியிருந்தன. அவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் வேண்டும்; கொள்கை விளக்கம் அப்புறம்.

அந்தச் சிறிய அதிகாரத்தைக் கொண்டு அவர்கள் செய்தவை வியப்பூட்டுபவை. தியார்பகிரின் பழைய கோட்டைப் பகுதியான சூர் மேயர் அப்துல்லா தெமிர்பாஷ், குர்து, ஆர்மீனியம், அசிரிய மொழிகளிலும் நகராட்சி சேவை தர முயன்றார். அந்தக் குற்றத்துக்காக 2007இல் பதவி நீக்கப்பட்டார். 2009இல் மக்கள் மீண்டும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1915இல் ஆர்மீனியர்கள் அழிக்கப்பட்ட அந்த ஊரில், பாழடைந்து கிடந்த சுர்ப் கிராகோஸ் தேவாலயம் நகராட்சியின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டு 2011இல் திறக்கப்பட்டது. அன்றைய கொலைகளில் குர்துகளுக்கும் பங்கு உண்டு என்பதை வெளிப்படையாகச் சொல்லி வருந்திய மேயர்கள் இவர்கள். துருக்கியின் வேறெந்த அரசியல் அமைப்பும் அந்த அளவுக்கு வரவில்லை.

2014 தேர்தலில் ஒவ்வொரு நகராட்சிக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என்று இணை மேயர்கள் நிறுத்தப்பட்டார்கள். சட்டம் ஒருவரைத்தான் அங்கீகரிக்கும். மற்றவர் நடைமுறையில் மேயர். தியார்பகிரில் குல்தான் கிஷானாக்கும் ஃபிரத் அன்லியும் வந்தார்கள். பெண்கள் காப்பகங்கள், குர்து மொழி மழலையர் பள்ளிகள் திறக்கப்பட்டன. நகராட்சி ஊழியர் மனைவியை அடித்தால் அவர் சம்பளம் மனைவிக்குப் போகும் என்ற விதியைக்கூடச் சில நகராட்சிகள் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதின. 2015 ஜூன் பொதுத் தேர்தலில் செலாஹத்தின் தெமிர்தாஷ் தலைமையிலான குர்து சார்புக் கட்சி ஹெச்.டி.பி. 13 சதவீத வாக்குகளுடன் 80 இடங்களைப் பிடித்தது. துருக்கி இடதுசாரிகள், பெண்ணியவாதிகள், அலவிகள் எல்லோரும் அந்த வாக்கில் கலந்திருந்தார்கள்.

அதன் பிறகு நடந்தது இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி. அந்தக் கோடையில் அரசுக்கும் பி.கே.கே.வுக்கும் இடையிலான சமாதானப் பேச்சு முறிந்தது. முறித்ததில் அதிபர் எர்தோவானுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகஸ்டில் பல குர்து நகரங்களில் 'தன்னாட்சி' அறிவிக்கப்பட்டது. இயக்கத்தோடு சேர்ந்த இளைஞர்கள் சூர், ஜிஸ்ரே, நுசய்பின் ஆகிய இடங்களில் தெருக்களுக்குக் குறுக்கே அகழி தோண்டி ஆயுதங்களோடு நின்றார்கள். அரசு டாங்கிகளோடு வந்தது. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் மதிப்பீட்டில் 2015 ஜூலையிலிருந்து 2016 டிசம்பர் வரை ஏறத்தாழ 2,000 பேர் இறந்தார்கள். ஐந்து லட்சம் பேர் வரை வீடிழந்தார்கள். ஜிஸ்ரேயின் நிலவறைகளில் சிக்கி மாண்டவர்களும் இறந்தோரில் அடக்கம். சூரின் பாதி தரைமட்டமானது.

அகழி தோண்டலாம் என்று எந்த நகர்மன்றம் தீர்மானித்தது? எதுவும் இல்லை. தெருவில் குடியிருந்தவர்களைக் கேட்டார்களா? இல்லை. 13 சதவீத வாக்கு வாங்கிய கட்சியைக் கேட்டார்களா என்பதே சந்தேகம். நவம்பர் மறுதேர்தலில் அந்தக் கட்சியின் வாக்கு 11 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கோபானியில் வென்ற உற்சாகம் மலையில் இருந்த பி.கே.கே. தலைமையின் கணக்கைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். சிரியாவில் அரசு பின்வாங்கியிருந்தது. துருக்கி அரசு எங்கும் போய்விடவில்லை.

2016 ஜூலையில் தோற்றுப்போன ராணுவப் புரட்சி அங்காராவுக்கு வாய்ப்பானது. செப்டம்பரில் அவசரகால ஆணை வந்தது. குர்துக் கட்சி வசமிருந்த 102 நகராட்சிகளில் 90க்கும் மேற்பட்டவற்றில் பொறுப்பாளர்கள் அமர்ந்தார்கள். கிஷானாக்கும் அன்லியும் அக்டோபரில் கைதானார்கள், நவம்பரில் தெமிர்தாஷ். 2019இல் மறுபடி 65 நகராட்சிகளில் வென்றார்கள். பெரும்பாலானவை மறுபடி பறிபோயின. பொறுப்பாளர்கள் வந்ததும் முதலில் மூடியவை பெண்கள் மையங்களும் குர்து மழலையர் பள்ளிகளும்தான். இந்த நகராட்சிகள் திறமையின்மையால் கலைக்கப்பட்டிருந்தால் மக்கள் மூன்றாம் முறையும் அதே அரசியலுக்கு வாக்களித்திருக்க மாட்டார்கள். கணக்குத் தணிக்கை, எதிர்க்கட்சி, தோற்கக்கூடிய தேர்தல் ஆகிய மூன்றும் இருந்த இடத்தில் குர்து இடதுசாரிகள் நன்றாகவே ஆண்டார்கள் என்று இதை வைத்துச் சொல்லலாம்.

ரோஜாவா: கம்யூனும் ரேஷனும்

குர்துகள் ரோஜாவா என்று அழைக்கும் வடக்குச் சிரியாவில், 2012 ஜூலை 19 அன்று கோபானியிலிருந்து சிரிய அதிபர் அசாத்தின் ஆட்கள் விலகினார்கள்; பி.கே.கே.யின் சிந்தனை வழியில் 2003இல் உருவான ஜனநாயக ஒன்றியக் கட்சி அந்த வெற்றிடத்தை நிரப்பியது. 2014 ஜனவரியில் ஜஸீரா, கோபானி, அஃப்ரின் என்று மூன்று பகுதிகளின் தன்னாட்சியும் 'சமூக ஒப்பந்தம்' என்ற அடிப்படைச் சட்டமும் அறிவிக்கப்பட்டன. குர்து, அரபு, சிரியாக் மூன்றும் ஆட்சிமொழிகள். பலதார மணத்துக்கும் சிறுமியர் திருமணத்துக்கும் தடை. ஒவ்வொரு பதவிக்கும் ஆண், பெண் இணைத் தலைவர்கள். அந்த வட்டாரத்தின் எந்த அரசும் இதில் கால்வாசிகூடச் செய்ததில்லை.

அடித்தளம் கம்யூன். சில பத்து வீடுகள் முதல் சில நூறு வீடுகள் வரை சேர்ந்தது ஒரு கம்யூன். அதற்குச் சமரசக் குழு, பாதுகாப்புக் குழு, பொருளாதாரக் குழு என்று கிளைகள். கடன் தகராறும் எல்லைத் தகராறும் சமரசக் குழுவிலேயே தீர்ந்தன. இவற்றுக்கு இணையாக 'மாலா ஜின்' எனப்பட்ட பெண்கள் இல்லங்கள் இயங்கின. அடிபட்டவள், விவாகரத்து கேட்பவள், கட்டாயத் திருமணத்துக்குத் தப்பி வந்தவள் அங்கே போகலாம். மூத்த பெண்கள் இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். கட்சியின் மீது மனக்கசப்பு உள்ள பெண்கள்கூட இந்த இல்லங்களைத் தேடி வந்தார்கள் என்பதுதான் அவற்றின் பலம். ரோஜாவாவில் நிலைக்கத் தகுந்தது எது என்று என்னைக் கேட்டால் படையையும் பொருளாதாரத்தையும் தள்ளிவிட்டு இதைத்தான் சொல்வேன்.

கம்யூன்களின் நடைமுறை வேறு விதமாகத் திரும்பியது. ரொட்டி, சமையல் எரிவாயு, குளிர்காலத்து டீசல் எல்லாம் மானிய விலையில் கம்யூன் வழியாகவே வந்தன. பல ஊர்களில் கம்யூன் என்பது நம்மூர் ரேஷன் கடை மாதிரி ஆயிற்று. கூட்டத்துக்கு வருவோரைவிட வரிசையில் நிற்போர் அதிகம். டீசல் எவ்வளவு வரும் என்பதைக் கம்யூன் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்தது எண்ணெய்ப் பணம். ருமைலான் வயல்களும், பின்னர் கிடைத்த டெய்ர் எஸ்ஸோர் வயல்களும்தான் நிர்வாகத்தின் முதன்மை வருவாய். எண்ணெய் யாருக்கு விற்கப்பட்டது, எவ்வளவு வந்தது என்ற கணக்கு எந்தக் கம்யூனின் மேசைக்கும் வரவில்லை. அடியில் நேரடி ஜனநாயகம், உச்சியில் மூடிய பணப்பெட்டி. நடுவில் பி.கே.கே.யின் மலை முகாம்களில் பயிற்சி பெற்ற 'காத்ரோ'க்கள். பெயருக்கு ஆலோசகராக இருக்கும் காத்ரோவின் சொல்லைத் தேர்ந்தெடுக்கப்பட்ட இணைத் தலைவர் தட்ட முடியாது என்று அங்கே வேலை செய்தவர்களே முணுமுணுத்தார்கள்.

பொருளாதாரம் பரம்பரைச் சிக்கல். அசாத் குடும்பம் ஜஸீராவைக் கோதுமையும் பருத்தியும் எண்ணெயும் தோண்டும் இடமாகவே வைத்திருந்தது. ஆலைகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் வேறெங்கோ. கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன, ஆனால் மொத்தப் பொருளாதாரத்தில் அவற்றின் பங்கு சிறியது. பெரிய நிலவுடைமையை யாரும் தொடவில்லை. தனியார் சொத்தைச் சமூக ஒப்பந்தமே காத்தது. அரபு ஷேக்குகளின் நட்பும் தேவைப்பட்டது. மரீவான் விவசாயிகள் சங்கம் 1979இல் செய்யத் துணிந்ததை ரோஜாவா பதின்மூன்று ஆண்டுகளில் செய்யவில்லை. தப்பு என்று சொல்ல மாட்டேன்; போரின் நடுவில் நிலச் சீர்திருத்தம் செய்பவன் பாதி ஊரை எதிரியாக்கிக்கொள்வான். ஆனால் புரட்சி என்ற சொல்லின் விலை அங்கே குறைகிறது. 2024 மேயில் கோதுமைக் கொள்முதல் விலை முந்தைய ஆண்டைவிடக் குறைத்து அறிவிக்கப்பட்டபோது விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். விலையை நிர்ணயித்தது நிர்வாகம்.

பிற கட்சிகளோடு உறவு மோசம். 2013 ஜூனில் ஆமுதாவில் ஆர்ப்பாட்டக்காரர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். எதிர்த்தரப்புக் குர்துக் கட்சிகளின் அலுவலகங்கள் மூடப்பட்டன. அவை ஈராக்கியக் குர்துத் தலைவர் பர்ஸானியின் ஆதரவில் இயங்கியவை, பின்னர் துருக்கி சார்ந்த எதிரணியோடு நின்றவை என்பது உண்மை. அதனால் துப்பாக்கிச் சூடு நியாயமாகிவிடாது. 2017 செப்டம்பரில் கம்யூன்களுக்கும் டிசம்பரில் உள்ளூர் மன்றங்களுக்கும் தேர்தல் நடந்தது. மூன்றாம் கட்டமான மேல் மன்றத் தேர்தல் வரவேயில்லை. 2018 ஜனவரியில் துருக்கி அஃப்ரின் மீது படையெடுத்தது. 2024 ஜூனில் நடக்கவிருந்த நகராட்சித் தேர்தலைத் துருக்கி மிரட்டியது, அமெரிக்காவும் நடத்த வேண்டாம் என்றது, அது தள்ளிவைக்கப்பட்டது.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். போர்க்காலம் என்ற சாக்கு இவர்கள் விஷயத்தில் வெறும் சாக்கு அல்ல. ஐ.எஸ். அமைப்பை முறியடித்ததில் இந்த நிர்வாகத்தின் ராணுவமான சிரிய ஜனநாயகப் படை தன் பக்கம் 11,000 பேரை இழந்ததாகச் சொல்கிறது. அஃப்ரின் 2018இல் போனது. செரேகானியேயும் தல் அப்யாதும் 2019 அக்டோபரில், டிரம்ப் தன் படையை விலக்கிக்கொண்ட சில நாட்களில் போயின. அத்தோடு அலூக் நீரேற்று நிலையம் துருக்கி தரப்பின் கைக்குப் போயிற்று. ஹசக்கா வட்டாரத்தில் நான்கு லட்சம் பேருக்கு மேல் குடிநீருக்கு லாரியை நம்பி வாழ்ந்தார்கள். 2023 இறுதியில் துருக்கி விமானங்கள் மின் நிலையங்களையும் எண்ணெய் நிலையங்களையும் குறிவைத்தன. தண்ணீரும் மின்சாரமும் அடுத்தவன் கையில் இருக்கும்போது ஊர்க் கூட்டம் எதைத்தான் தீர்மானிக்கும்? அல்-ஹோல் முகாமில் ஐ.எஸ். குடும்பங்களைப் பல்லாயிரக்கணக்கில் காவல் காக்கும் பொறுப்பையும் உலக நாடுகள் இவர்கள் தலையில் கட்டிவிட்டு, அங்கீகாரம் மட்டும் தர மறுத்தன.

கேட்காதவர்களுக்குத் தந்த தன்னாட்சி

ஐ.எஸ்.ஸைத் துரத்திக்கொண்டு போன படை, 2016இல் மன்பிஜையும் 2017 அக்டோபரில் ரக்காவையும் பிறகு டெய்ர் எஸ்ஸோரின் கிழக்குக் கரையையும் பிடித்தது. சிரியாவின் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அப்போது அதன் கையில் இருந்தது. அதில் பெரும்பகுதி அரபு நிலம். ரோஜாவா என்ற குர்துப் பெயரை விட்டு 'வடக்கு, கிழக்கு சிரியத் தன்னாட்சி நிர்வாகம்' என்ற பெயருக்கு மாறினார்கள். பெயர் மாறியது எளிது. ரக்காவின் விவசாயி கம்யூனைக் கேட்கவில்லை; ஐ.எஸ். போனால் போதும் என்றுதான் இருந்தார்.

கட்டாய ராணுவ சேவைதான் முதல் வெடிப்பு. 2014இலேயே குர்துப் பகுதியில் 'தற்காப்புக் கடமை' என்ற பெயரில் வந்த சட்டம் அரபு ஊர்களுக்கும் நீண்டது. 2021 மே, ஜூனில் மன்பிஜ் மக்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். சுட்டதில் சிலர் இறந்தார்கள். அங்கே ஆள்சேர்ப்பை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. 2023 ஆகஸ்டில் டெய்ர் எஸ்ஸோர் ராணுவ மன்றத் தலைவர் அபு கவ்லாவைக் கைது செய்ததும் பழங்குடிகள் ஆயுதம் எடுத்தார்கள். அபு கவ்லா ஒன்றும் மக்கள் தலைவர் அல்ல; கொள்ளைக்கும் அடாவடிக்கும் பேர் போனவர், பல ஆண்டுகள் அவரை அங்கே வைத்திருந்ததும் இதே படைதான். கலகத்தின் வேர் அவரைவிட ஆழமானது. எண்ணெய் எங்கள் மண்ணில், முடிவு குர்து நகரான காமிஷ்லியில் என்பதே அந்த மக்களின் குறை. எண்ணெய் வயல்களைச் சுற்றி வாழ்ந்த கிராமங்களுக்குக் கிடைத்தது கைச்சுத்திகரிப்பு உலைகளின் கரும்புகை.

2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஆட்சி விழுந்ததும் கேள்வி நேராக வந்து நின்றது. 2025 மார்ச் 10 அன்று படைத் தலைவர் மஸ்லூம் அப்தியும் இடைக்கால அதிபர் அஹ்மத் அல்-ஷாராவும் எட்டு அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதை நிறைவேற்றும் பேச்சு இழுபட்டது. 2026 ஜனவரியில் டமாஸ்கஸ் படைகள் முன்னேறியபோது அரபுப் பழங்குடிகள் பலரும் பக்கம் மாறினார்கள். ரக்காவும் டெய்ர் எஸ்ஸோரும் நாட்கணக்கில் கைமாறின. எட்டு ஆண்டுக்கும் மேலாக அங்கே இயங்கிய மன்றங்களைக் காக்க அந்த ஊர் மக்கள் தெருவில் இறங்கவில்லை. குர்து ஊர்களில் கதை அப்படி இல்லை. கோபானியிலும் ஹசக்காவிலும் எல்லா வயதினரும் ஆயுதம் எடுத்தார்கள். தன் மொழியையும் தன் இறந்தவர்களையும் கொண்டிருந்த இடத்தில் அந்த அமைப்புக்கு வேர் இருந்தது. வெற்றியோடு வந்த இடத்தில் இல்லை. அமெரிக்கா இம்முறை டமாஸ்கஸ் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

இதற்கிடையே துருக்கியில் 2025 பிப்ரவரி 27 அன்று ஓஜலான், கட்சி ஆயுதத்தைக் கைவிட்டுக் கலைய வேண்டும் என்று அறிவித்தார். மே மாதம் பி.கே.கே. தன்னைக் கலைத்துக்கொண்டதாகச் சொன்னது. ஜூலை 11 அன்று சுலைமானியா அருகே 30 போராளிகள் ஒரு பெரிய கொப்பரையில் துப்பாக்கிகளைப் போட்டு எரித்தார்கள். நாற்பத்தேழு ஆண்டு வரலாறு கொண்ட கட்சியின் முடிவும் அதே தீவிலிருந்துதான் வந்தது. தன்னாட்சிக் கேள்வி இனி மலையில் இல்லை; தியார்பகிரிலும் வான் நகரிலும் மார்தீனிலும் இருக்கிறது. நகராட்சிச் சட்டத்தின் பொறுப்பாளர் பிரிவு நீங்காமல் அந்தச் சமாதானத்துக்கு என்ன பொருள் என்று குர்து வாக்காளர்கள் கேட்பதில் வியப்பில்லை.

சிரியாவில் ஷாரா 2026 ஜனவரியில் வெளியிட்ட ஆணை குர்து மொழியைத் தேசிய மொழியாக ஏற்றது, நவ்ரோஸை விடுமுறை நாளாக்கியது, 1962 கணக்கெடுப்பின் விளைவுகளை ரத்து செய்தது. அறுபது ஆண்டுக் கோரிக்கைகள் அவை. படைப்பிரிவுகளை எப்படி இணைப்பது, எல்லைக் கடவைகளையும் எண்ணெய் வயல்களையும் யார் நடத்துவது என்பதில்தான் இரு தரப்பும் பேரம் பேசின. 2025 மார்ச் ஒப்பந்தத்தின் எட்டு அம்சங்களில் எல்லைக் கடவைகளும் விமான நிலையமும் எண்ணெய், எரிவாயு வயல்களும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. கம்யூன், இணைத் தலைவர், பெண்கள் இல்லம் மூன்றும் அந்தத் தாளில் எங்கும் இல்லை.